முதல் பந்தின் வேகம்

ரேடார் கன்னை முதல் தடவை பார்த்தபோது அது முடி காயவைக்கிற மெஷின் என்று நினைத்தேன். கோச் சார் அதைப் பையிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டியதும் எங்கள் பேஸ்பால் டீம் கேட்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கலாம்டி" என்றாள்.

எறிகிற பந்து எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அந்தத் துப்பாக்கி சொல்லுமாம். பெங்களூரில் யாரோ பழசாகிவிட்டது என்று தள்ளிவிட்டதைச் சார் போய் வாங்கி வந்திருந்தார். எனக்குப் பயமே இல்லை. டீமில் வேகமாக எறிகிறவள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மேட்டில் ஏறி எறிந்தேன். சார் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எறியச் சொன்னார். பிறகு லேப்டாப்பில் என் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் போட்டார்.

பேஸ்பால் என்றால் கிரிக்கெட் மாதிரியா என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரே தடவை சொல்கிறேன். பிட்ச்சர் ஒரு சின்ன மண்மேட்டில் நின்று எறிவாள். எதிரில் பேட்டர் கட்டையோடு நிற்பாள். அவளுக்குப் பின்னால் கேட்சர் குந்தி உட்கார்ந்து பிடிப்பாள். பந்து தரையில் படாமல் நேராகப் போகும். அடிக்க முடியாதபடி எறிவதுதான் பிட்ச்சர் வேலை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் கல்லாவிப் பக்கம். எங்கள் வீட்டில் நிலக்கடலையும் மாமரமும். அரசுப் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்தவளை, மாவட்டத்தில் பேஸ்பால் ஆட ஆளே இல்லை என்று இதில் சேர்த்துவிட்டார்கள். பிறகு ஓசூரில் வண்டி ஹாரன் செய்கிற கம்பெனியில் ட்ரெய்னியாக வந்தேன். லேடீஸ் ஹாஸ்டல், ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பிராக்டீஸ். ட்ரெய்னி காலம் முடியப்போகிற வருஷம் அது. முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள், யாரையும் வைத்துக்கொள்வதில்லை. மாநில அணியில் ஆடியிருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எழுதிப்போடலாம். இல்லையென்றால் ஊருக்குப் போய் அப்பா பார்த்துவைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் காபி கொடுக்க வேண்டியதுதான். அந்த அணிக்காகச் சேலத்தில் நடக்கிற தேர்வுக்கு யாரை அழைத்துப்போவது என்று சார்தான் முடிவு செய்வார். அந்தத் தேர்வை நம்பித்தான் நான் இருந்தேன்.

சார் திருநெல்வேலிப் பக்கம். கியர் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். எங்களுக்குக் காசு வாங்காமல் சொல்லித்தருகிறவர். நல்லவர். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இனி நான் எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு அவரை வில்லன் என்று நினைப்பீர்கள்.

"தொண்ணூறு தொடாதவள சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி நான் அசிங்கப்பட முடியாது பாத்துக்கோ" என்றார். தொண்ணூறு என்றால் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். தொட்டால் பச்சை, பக்கத்தில் வந்தால் மஞ்சள், மற்றதெல்லாம் சிவப்பு. எங்கள் கம்பெனிகளில் அசெம்பிளி லைன் ஓரத்தில் தொங்குகிற போர்டும் இதே மூன்று நிறம்தான். அதைப் பார்த்துத்தான் வேலைக்குள் போகிறோம், வருகிறோம். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "என் பந்த யாருமே அடிக்க மாட்டேங்கறாங்களே சார், அப்றம் எப்படி சிவப்பு?"

"எம்மா, நம்ம பிள்ளைக உன்ன வருஷக்கணக்கா பாக்குது. அடிச்சா நீ வைவ. உனக்குப் பயந்தே சும்மா நிக்கும். அத நான் கணக்குல எடுக்க முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் திட்டுவேன் என்றுதான் அடிக்காமல் நின்றார்களா? ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டேன். ஒருத்தியும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "பாதி பந்து கண்ணுக்குத் தெரியாதுக்கா. மீதி பந்துக்கு உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கும்" என்றாள். இதில் நான் என்ன புரிந்துகொள்வது?

பச்சை வாங்கியவள் புதிதாக வந்த பெண். காவேரிப்பட்டினத்துக்காரி. கிருஷ்ணகிரியில் காலேஜ் படித்தாள், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பஸ் பிடித்து வருவாள். நெட்டை, கை முழங்காலைத் தொடும். முதல் பந்தே சத்தத்தோடு போகும். அவளைப் பிடிக்காது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவள் வந்ததும் வராததுமாக என் பையைத் தூக்கி நிழலில் வைப்பாள், வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை முதலில் எனக்கு நீட்டுவாள். "அக்கா, எனக்கு அந்த மெதுவான பந்து சொல்லிக்குடுங்க" என்பாள். இப்படிப்பட்டவள் மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட்டேன், அவளுக்குத் தெரியவில்லை.

சாருடைய முறை இதுதான். பிராக்டீஸ் ஆரம்பிக்கும்போதே அளந்துவிடுவார். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தவுடன் பிட்ச்சர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்குச் சில பந்துகள். நம்பரைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் ஃபர்ஸ்ட் பீஸ். ஓசூரில் வேலை பார்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் தொடங்கியதும் லைனில் வருகிற முதல் பொருளை எடுத்துக்கொண்டு குவாலிட்டி ரூமுக்குப் போவோம். எங்கள் லைனில் முதல் ஹாரனை ஒரு பெட்டிக்குள் வைத்து அடித்துப் பார்ப்பார்கள். சரி என்றால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், லைன் ஓடும். முதல் ஹாரன் சரி என்றால் அன்றைக்கு வருகிற ஹாரன் எல்லாம் சரி.

"எல்லாருக்கும் ஒரே கண்டிஷன்ல பாக்கணும்லா. களைச்ச கைய அளந்தா அது யாருக்கு நியாயம்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கம்பெனியில் தினமும் அப்படித்தானே செய்கிறோம்.

அளந்ததோடு விடவில்லை. போனை ஸ்டாண்டில் வைத்து நான் எறிவதை மெதுவாக ஓடவிட்டு, என் முழங்கை மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஒவ்வொரு பந்துக்கும் முழங்கை ஒவ்வொரு உயரத்தில் நின்றது. நான் ஒரே மாதிரி எறிகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். படத்தில் இருந்தவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். "பாரு, வேகமா எறியணும்னு நினைச்சா கை எறங்குது. மெதுவா எறியும்போது ஏறுது. ஒரே கையா வரணும்." பந்து இல்லாமல் கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு எறிகிற மாதிரி வீசிப் பழகச் சொன்னார். ஹாஸ்டலில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று துண்டை வீசினேன். அறையில் கூட இருந்த விருத்தாசலத்துக்காரி, "ஈ ஓட்டுறியா, இல்ல எங்களத் தொரத்தறியா?" என்று கேட்டாள்.

வாராவாரம் சிவப்பு. ஓசூர்க் குளிரில் விறைத்த கையோடு முதல் பந்திலேயே முழு வேகம் காட்ட வேண்டும் என்று தம் பிடித்து எறிந்தேன். பந்து கேட்சர் தலைக்கு மேல் போய், அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நடுவில் விழுந்தது. கேட்சர் வீட்டில் ரோஜாத் தோட்டம். பாலித்தீன் கூடாரத்துக்குள் பூ வெட்டி வெட்டி அவள் கையெல்லாம் முள் கீறல். தெலுங்குக்காரி, கோபம் வந்தால் தமிழ் கலைந்துவிடும். "ஏமே! நான் இங்க உக்காந்திருக்கேன் தல்லி. கண்ணு தெரியலையா?" என்று கத்தினாள். அடுத்த பந்து அவள் முழங்காலில் விழுந்தது.

என் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கும்போதுகூட, சரியாக முடுக்கினால் ஸ்க்ரூ கன் டிக் என்று சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தம் கேட்ட பிறகும் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் அண்ணன், "என்னாம்மா, ஹாரனுக்கு மேக்கப் போடறியா?" என்றார். அப்பாவிடம் போனில் சொன்னேன். "பந்து எறியறதுக்குமா மெஷின் வெச்சிருக்கான்? நம்பர் வரலன்னா வுட்டுட்டு வந்துரு. ஊருக்கு வா" என்றார். ஆறுதல் சொல்கிறாரா, சமயம் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

சார் ராயக்கோட்டை ரோட்டில் குடியிருந்தார். ஒரு ஞாயிறு அவர் நேரத்துக்கு வரவில்லை. சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது, வனத்துறை வண்டிகளை நிறுத்திவிட்டது, தாமதமாகும், நீங்கள் ஆரம்பியுங்கள் என்று மெசேஜ் வந்தது. இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் ஓடினோம், எறிந்தோம், இரண்டாகப் பிரிந்து ஆடினோம். துப்பாக்கி இல்லாததால் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெயில் ஏறி, நான் ஸ்வெட்டரைக் கழற்றி, வியர்த்துப்போய் நின்ற நேரத்தில் சார் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பையைத் திறந்தார்.

"வாங்க, ஃபர்ஸ்ட் பீஸ் பாத்துருவோம்."

எறிந்தேன். துப்பாக்கியைப் பார்த்தவர் அதைத் திருப்பி உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினார். "இன்னொண்ணு." எறிந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ரோட்டில் போன ஒரு பைக்கைக் குறிபார்த்து அளந்தார். மறுபடியும் என்னை எறியச் சொன்னார். நான் போய் எட்டிப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியிருந்தது. எல்லாப் பந்தும் தாண்டியிருந்தது. அடுத்து காவேரிப்பட்டினத்துக்காரி எறிந்தாள். அவளுக்கு முதல் முறையாக மஞ்சள்.

"இன்னைக்கு எடுத்தது செல்லாது" என்றார் சார்.

"என்னா சார் செல்லாது?"

"ஒரு நம்பர் மட்டும் கூட்டத்த விட்டுத் தனியா போயி நின்னா அத எடுத்துருவோம்மா. கம்பெனியிலயும் அதான செய்யுதோம். அத வச்சு முடிவெடுக்க முடியாது. மெஷின்ல ஏதோ கோளாறு."

இத்தனை வாரம் சிவப்பு வந்தபோது மெஷினில் கோளாறு இல்லை. பச்சை வந்ததும் கோளாறு. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கையுறையைத் தரையில் அடித்தேன். "சிவப்புன்னா மெஷின் சொன்னா சரி, பச்சைன்னா மெஷின் தப்பா? நான் என்னா சார், ரிஜெக்ட் ஆன கியரா? போங்க சார், நீங்களும் உங்க துப்பாக்கியும்!" மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

சார் திட்டுவார் என்று நினைத்தேன். கேட்சர் நடுவில் வந்தாள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினாள். சிவந்து வீங்கியிருந்தது. "சார், பொய் இல்ல சார். வந்ததுல இருந்து இவ பந்தத்தான் புடிக்கறேன். மொதல்ல ஒண்ணும் தெரியாது. போகப் போகத்தான் எரியுது. எப்பவும் அப்படித்தான் சார் இவளுக்கு."

"எப்பவும்னா?"

"எப்பவும்தான் சார்."

"இன்னிக்கி மட்டும்தான் நீங்க ஃபர்ஸ்ட் பீஸ் பாக்கல" என்றேன். கோபத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது. என்ன சொன்னேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு அவர் வருவதற்குள் என் கை சூடாகியிருந்தது. சார் அப்படியே தண்ணீர்க் கேன் மேல் உட்கார்ந்துவிட்டார். கியர் வெட்டுகிற மெஷினையே காலையில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடான பிறகுதான் முதல் பீஸ் எடுப்பார்களாம். அதை அவரே மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். எங்கள் டீமில் பாதிப் பேர் ஃபேக்டரி. ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான்.

இதோடு முடிந்தது, நான் ஜெயித்தேன் என்று எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். அடுத்த வாரம் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அளந்தார். என்னுடைய கோடு கீழே தொடங்கி மேலே ஏறியது. காவேரிப்பட்டினத்துக்காரியின் கோடு மேலே தொடங்கி இறங்கியது. அதுவரை எனக்குச் சந்தோஷம். பிறகு இன்னொரு கோட்டைக் காட்டினார். எந்தப் பந்து சரியான இடத்துக்குப் போனது என்கிற கணக்கு. என் வேகம் ஏற ஏறப் பந்து இடம் தவறியது. மெதுவாக எறிந்த முதல் பந்துகள்தான் சொன்ன இடத்துக்குப் போயிருந்தன.

"அப்ப நான் நல்ல பிட்ச்சரா, இல்லையா சார்?" என்று கேட்டேன்.

சார் லேப்டாப்பை மூடினார். "தெரியலம்மா" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அழுகையும் வந்தது, அவர் மேல் கொஞ்சம் பிரியமும் வந்தது. "நீயும் அவளும் ரெண்டு பேரும் வாங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படாத. சேலத்துல உன்ன சூடாக விட்டு யாரும் பாத்துட்டு இருக்க மாட்டாங்க. கூப்பிட்டதும் போயி எறியணும். ஆளுக்குக் கொஞ்சம் பந்துதான். அங்கயும் ஃபர்ஸ்ட் பீஸ்தான்."

அப்படியானால் அவர் அளந்தது தப்பா, சரியா? ஆளை அளக்கத் தப்பு, தேர்வுக்குச் சரி. யோசிக்க யோசிக்க எனக்குத் தலை சுற்றியது.

சேலத்தில் நானும் கேட்சரும் மைதானத்துக்குப் பின்னால் பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் போய்க் கையைச் சூடாக்க ஆரம்பித்தோம். என் முறை வர நேரம் இருந்தது. ஒரு டிரைவர், "கண்ணாடி ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று துரத்தினார். இடம் மாறினோம். நாலு பந்து போட்டிருப்பேன், வரிசையை மாற்றிவிட்டார்கள் என்று காவேரிப்பட்டினத்துக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, உங்களக் கூப்பிடறாங்க!"

கை பாதிதான் சூடாகியிருந்தது. மேட்டில் ஏறினேன். எதிரில் வேறு மாவட்டத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கட்டையோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு என் மூஞ்சி புதிது. நான் திட்டுவேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அங்கேயும் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பந்து மெதுவாகப் போனது, எனக்கே தெரிந்தது. பேட்டர் அவசரப்பட்டுக் காற்றை அடித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை திறந்தது. ஒன்று ரொம்ப வெளியே போனது. கடைசிப் பந்துக்குப் பேட்டர் கட்டையை அசைக்கவே இல்லை.

இறங்கி வரும்போது தேர்வாளர்களில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். கூலிங் கிளாஸ், தலையில் தொப்பி. "வேகம் சுமார்தாம்மா. அதுக்கு மேல இருக்கிற புள்ளைங்க நெறைய பேர் வந்திருக்காங்க. ஆனா உன் மெது பந்துக்கும் வேகப் பந்துக்கும் கை ஒரே மாதிரி வருது. எது வரும்னு பேட்டரால சொல்ல முடியல. யாரு சொல்லிக்குடுத்தா?"

யார் என்று சொல்வது? முழங்கையில் சிவப்புக் கோடு போட்டவர் சார்தான். முதல் பந்தை மட்டும் அளந்து என்னை வாரக்கணக்கில் அழவைத்தவரும் சார்தான். அந்தக் குளிர்ந்த கையை நான் கெட்டது என்று நினைத்தேன், அந்தக் கையில்தான் மெது பந்து வந்தது. மெது பந்தை அவர்கள் பார்த்தார்கள். "எங்க சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

மாலையில் பட்டியல் வாசித்தார்கள். நான் இருந்தேன். கேட்சர் இல்லை. காவேரிப்பட்டினத்துக்காரி இல்லை. அன்றைக்கு வந்த பிட்ச்சர்களில் அவள் நம்பர்தான் அதிகம் என்று துப்பாக்கி பிடித்தவரே சாரிடம் சொன்னாராம். சார் போய் அந்தத் தேர்வாளர் அம்மாவிடம் ஏதோ பேசினார். கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பஸ்ஸில் கேட்சர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். "எனக்கு நாளைக்குப் பூ வெட்டணும், உனக்கென்ன" என்று மட்டும் சொல்லியிருந்தாள். சார் முன் சீட்டில் லேப்டாப்பைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்டியா" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப இப்பத்திக்கி வரமாட்ட" என்றார். "வரமாட்டன்ப்பா" என்றேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். போனைப் பைக்குள் வைத்தேன்.

காவேரிப்பட்டினத்துக்காரி பக்கத்துச் சீட்டில் இருந்தாள். தர்மபுரி தாண்டியது. பிறகு தலையைத் திருப்பினாள்.

"அக்கா, என் நம்பர் உங்க நம்பர விட ஜாஸ்திதானக்கா?"

"ஜாஸ்திதான்டி."

"சார் தொண்ணூறுன்னாரு. நான் தொண்ணூற எப்பவோ தாண்டிட்டேன்ல?"

"தாண்டிட்ட."

"அப்றம் ஏன்க்கா?"

கை ஒரே மாதிரி வர வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதை இவளிடம் சொல்லலாம். இவள் கைக்குச் சார் கோடு போடவே இல்லை. பச்சையில் இருக்கிறவளைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஓடுகிற லைனை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் அந்தப் பஸ்ஸில் வைத்து எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வது சரிதானா என்றும் தெரியவில்லை. அடுத்த வருஷம் வேறொருவர் வந்து வேறொன்றை அளப்பார், அப்போது இவள் பச்சை, நான் சிவப்பு.

"துண்டு வெச்சிருக்கியா வீட்டுல?" என்று கேட்டேன்.

"துண்டா? எதுக்குக்கா?"

"ஞாயித்துக்கெழம வரும்போது எடுத்துட்டு வா. வரியா, மாட்டியா?"

காவேரிப்பட்டினம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், அதற்குள்ளிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். பிரித்தே இருக்கவில்லை. ஜெயித்தால் எல்லோருக்கும் கொடுக்கக் கொண்டுவந்திருப்பாள் போல. நான் ஜன்னல் வழியாக, "ஏய், ஞாயித்துக்கெழம!" என்று கத்தினேன். திட்டுகிற மாதிரிதான் கேட்டிருக்கும், என் குரலே அப்படி. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.